'எத்தனை ஏ' என்ற கேள்வி போதாது

கேள்வி: என் மகன் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறான். ஆறாம் ஆண்டு முடிவில் எழுதும் அரசுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். இருந்தவரை 'எத்தனை ஏ' என்று கேட்டால் பிள்ளையின் நிலை தெரிந்துவிடும். இப்போது 'அடைவுநிலை 4' என்று எழுதி அனுப்புகிறார்கள். வகுப்பிலேயே ஆசிரியர் பிள்ளையைக் கவனித்து நிலை தரும் இந்த வகுப்புசார் மதிப்பீடு, ஆசிரியர்கள் வேலையைக் குறைத்துக்கொள்ளும் வழிதானே?
– வாசகி ஒருவர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இல்லை அம்மா. ஒழுங்காகச் செய்தால், தேர்வுத்தாள் திருத்துவதைவிட இது பெரிய வேலை. ஒழுங்காகச் செய்யாத ஆசிரியர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1988இல் தொடங்கி 2021இல் ரத்தான அந்தத் தேர்வில் ஏழு ஏ வாங்கிய பிள்ளையின் படம் நாளிதழில் வந்தது. மூன்று சி வாங்கிய பிள்ளைக்கு எது புரியவில்லை என்பதை அந்த முடிவு யாருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் என்ன பயன்? அதற்குள் அவன் ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப்பள்ளிக்குக் கிளம்பிவிட்டான்.

அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொன்னால் ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. தேர்வுத்தாளில் அதற்குச் சிவப்பு மையில் ஒரு கோடு விழும், அவ்வளவுதான். "எப்படி வந்தது, சொல்" என்று வகுப்பில் ஆசிரியர் கேட்டால், மேல் எண்களைத் தனியாகவும் கீழ் எண்களைத் தனியாகவும் கூட்டியிருப்பது தெரியும். "அரையோடு கூட்டினாய், விடை அரையைவிடக் குறைந்துவிட்டதே?" என்று அடுத்துக் கேட்டதும் பையன் தாளைத் தன் பக்கம் இழுத்துத் திரும்பப் பார்ப்பான். உண்மையான மதிப்பீடு அங்கேதான் நடக்கிறது. வாய்விட்டு வாசிக்கச் சொல்வதும், மணியடிக்கும் முன் துண்டுத்தாளில் இரண்டு வரி எழுதி வாங்குவதும் இதே வேலைதான்.

புள்ளி மீது நமக்கிருக்கும் மோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியரின் கருத்துக் குறிப்பை மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள்; குறிப்போடு புள்ளியும் பெற்றவர்கள் முன்னேறவில்லை. எண் கண்ணில் பட்ட பிறகு குறிப்பை எந்தப் பிள்ளை படிக்கிறது?

உங்கள் மகனின் 4, ஆறு நிலைகளில் நான்காவது. குறைந்தபட்சத் தேர்ச்சியான மூன்றாம் நிலையை அவன் தாண்டிவிட்டான். தேர்வே வேண்டும் என்றால், யு.பி.எஸ்.ஆர். ரத்தான பிறகு நான்காம் ஆண்டிலிருந்து கல்வியாண்டு இறுதித் தேர்வும் கொண்டுவரப்பட்டது.

இனி அந்த ஆசிரியர்கள். ஆண்டு முழுவதும் எதையும் குறித்து வைக்காமல், அறிக்கை அனுப்பும் வாரத்தில் வகுப்பு முழுவதற்கும் 4 என்று நிரப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். எழுத்து வேலையின் சுமையை நான் அறிவேன். ஆனாலும் அதைச் சாக்காக ஏற்க மாட்டேன்.

அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது, "எதில் தடுமாறுகிறான், அதற்கு என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். அவனுடைய பயிற்சி நூலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பதில் வரவில்லையென்றால் தலைமையாசிரியரைப் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று இதே கேள்வியைக் கேளுங்கள்.