ஏழு மீட்டர் கூரை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உள்ளரங்கக் கிளைடர்கள் (இயந்திரமில்லாமல் சறுக்கிப் பறக்கும் சிறு மாதிரி விமானங்கள்) பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். நாங்கள் போட்டியிடும் அரங்கின் கூரை 7 மீட்டர். கையால்தான் எறிய வேண்டும். காற்றில் நிற்கும் நேரம்தான் கணக்கு; 9 எறிதல்களில் சிறந்த 2 நேரங்களைக் கூட்டுவார்கள். என் கிளைடர் 6 கிராம். எடை இருந்தால்தான் உயரம் ஏறும், அதே இறக்கையில் 12 கிராமுக்குப் போ என்கிறார் நண்பர். என்ன செய்யலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொல்வது சரிதான், ஆனால் வேறு அரங்குக்கு. காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால் 7 மீட்டர் ஏற விநாடிக்கு 12 மீட்டர் வேகம் போதும். 28 மீட்டருக்கு அதைப்போல் இரு மடங்கு வேண்டும். அந்த வேகத்தில் இலேசான கிளைடரைக் காற்று பாதி வழியிலேயே நிறுத்திவிடும். அங்கே எடை உதவும். உங்கள் கூரைக்கோ கையில் பலம் மிச்சம் இருக்கிறது. அதே இறக்கையில் எடை பாதியானால் இறங்கும் வேகம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். 20 விநாடி நின்றது 28 நிற்கும். 6 கிராமை விடாதீர்கள்.

நேரம் உண்மையில் தொலைவது உச்சியில். ஏற்றம் முடிந்து சறுக்கலுக்குத் திரும்பும்போது தடுமாறி ஒரு மீட்டர் விழுந்தால் ஏழில் ஒரு பங்கு போயிற்று. பலரும் மூக்கில் எடைக்காக ஒட்டும் களிமண்ணைக் கூட்டி, வாலின் பின்விளிம்பை மேலே வளைத்துச் சரிசெய்யப் பார்ப்பார்கள். சறுக்கும்போது அது அழகாகவே இருக்கும். ஆனால் எறியும் வேகம் சறுக்கும் வேகத்தைப்போல் நான்கு மடங்கு என்றால், அந்த வளைவின் விசை பதினாறு மடங்கு. கிளைடர் கரணமடித்து உங்கள் காலடியிலேயே விழும். மாறாக, களிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுங்கள். வால் வளைவையும் கூடவே குறையுங்கள். தலைகுப்புற விழுந்தால் நிமிராத கட்டம் ஒன்று வரும். அதற்கு ஒரு கிள்ளு முன்னால் நிறுத்த வேண்டும். (அந்தக் கிள்ளைக் கண்டுபிடிக்க நான் மூன்று இறக்கைகளை உடைத்தேன்.)

இவ்வளவு விளிம்பில் நிற்கலாமா என்றால், உங்கள் விதி அனுமதிக்கிறது. ஒன்பதும் கணக்கு என்றிருந்தால் கொஞ்சம் கனமான, எதையும் தாங்கும் கிளைடரையே சொல்லியிருப்பேன். இங்கே ஏழு எறிதல் வீணானாலும் நட்டமில்லை. முதல் இரண்டைக் கூரைக்கு ஒரு மீட்டர் கீழே நிறுத்தி நேரம் எடுத்துவிடுங்கள். பிறகு கூரையை உரசப் பாருங்கள். இன்னொரு கிளைடரும் பெட்டியில் இருக்கட்டும். உத்தரத்தில் போய் உட்கார்ந்தால் போட்டி முடியும்வரை அது இறங்காது.