பின்னால் ஓர் அறை இழுத்தால் கூரை எது: ஓடா, ஷீட்டா, கான்கிரீட்டா?

கேள்வி: பட்டுக்கோட்டை பக்கம் எங்கள் வீடு. 20 வருடத்துக்கு முன் போட்ட கான்கிரீட் தளம். அம்மாவுக்காகப் பின்சுவரை ஒட்டி 16 அடி நீளம், 12 அடி அகலத்தில் ஓர் அறை எடுக்கிறோம். மேலே மாடி கட்டும் எண்ணம் இல்லை. எந்தக் கூரை நல்லது?

பதில்: மூன்றிலுமே நல்ல அறை கட்டலாம். ஆனால் ஒட்டிக் கட்டும் அறைகளில் ஒழுக்கு பெரும்பாலும் நடுக்கூரையில் வருவதில்லை. பழைய சுவரும் புதுக்கூரையும் சேரும் இடத்தில்தான் வரும். அந்த இடத்தை எந்தக் கூரை காப்பாற்றும் என்று பார்த்துத்தான் நான் முடிவெடுப்பேன்.

மங்களூர் ஓட்டுக்கு 2 அடிக்கு 1 அடியாவது வாட்டம் வேண்டும். பின்சுவரிலிருந்து ஒரே சாய்ப்பாக இறக்கினால் 12 அடிக்கு 6 அடி. வெளிச்சுவர் 8 அடி வைத்தாலே வீட்டுப் பக்கம் 14 அடி வந்துவிடும். அது உங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரையே தாண்டும். உயரம் இடிக்கிறதே என்று வாட்டத்தைக் குறைத்தால் ஐப்பசிச் சாரல் ஓட்டுக்கடியில் ஏறும். ஓடுதான் பிடிக்கும் என்றால் முகடு பழைய சுவரில் போய் முட்டும்படி இருபக்கச் சாய்ப்பாகப் போடுங்கள். எழுச்சி 4 அடியோடு முடியும், தண்ணீரும் பக்கவாட்டில் இறங்கிவிடும். அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டு மனையில் விழாத அளவுக்கு இடம் இருக்க வேண்டும்.

ஷீட்டுக்கு 12 அடிக்கு 2 அடி வாட்டம் தாராளம். செலவும் குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் சித்திரை வெயிலில் பகலெல்லாம் அம்மா அதன் கீழ்தான் இருக்க வேண்டும்; எனக்கு மனம் ஒப்பவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் ஷீட்டுகளை என்ன செய்தது என்று உங்கள் ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் உங்களுக்குக் கான்கிரீட் தளம்தான் என் யோசனை. அதில் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். பழைய சுவரில் காடி வெட்டி, அதில் புதுத் தளத்தைச் செருக விடாதீர்கள். செலவு மிச்சம் என்று பல கொத்தனார்கள் அப்படித்தான் கேட்பார்கள். பழைய வீடு 20 வருடத்தில் மண்ணுக்குள் இறங்க வேண்டிய அளவு இறங்கிவிட்டது. புது அறை இனிமேல்தான் இறங்கும். இரண்டையும் பிணைத்தால் சேரும் இடத்தில் விரிசல் கண்டிப்பாக விடும்.

புது அறை தன் சொந்தத் தூண்களில் நிற்கட்டும். பழைய அஸ்திவாரத்துக்குக் கீழே மண் தோண்டக் கூடாது; அந்தப் பக்கத் தூண்களின் இடத்தைப் பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும். பழைய சுவருக்கும் புதுத் தளத்துக்கும் நடுவில் 1 அங்குலம் இடைவெளி விட்டு, தெர்மாகோல் வைத்து, மேலே சீலன்ட் அடையுங்கள். அதன்மேல் அலுமினியத் தகடு. தகட்டின் மேல் விளிம்பு பழைய சுவரில் கீறிய சின்னப் பள்ளத்தில் உட்கார வேண்டும். கீழ் விளிம்பு புதுத் தளத்தின் மேல் சும்மா படிந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஆணி அடித்தால் அசைவுக்கு இடமில்லாமல் தகடு பிய்ந்துவிடும்.

புதுத் தளம் பழையதைவிட அரை அடி தாழ்ந்திருக்கட்டும். செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டு, அதன்மேல் தட்டோடு (தட்டையான ஓடு) பதிக்கும்போது, பழைய சுவரிலிருந்து வெளிப்பக்கமாக 12 அடிக்கு 3 அங்குலம் வாட்டம் கொடுங்கள். குழாய் இரண்டு வையுங்கள். ஒன்றில் இலை அடைத்தாலும் மற்றது வாங்கிக்கொள்ளும். தட்டோட்டின்மேல் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தால் இரவுப் புழுக்கம் குறையும்.

அப்புறம், பழைய மாடித் தண்ணீர் இப்போது பின்பக்கம்தான் விழுகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் அது முழுக்க அம்மாவின் அறைமேல்தான் கொட்டும். வேலை தொடங்கும் முன்பே அந்தக் குழாயைப் பக்கவாட்டில் திருப்பி, நேராகத் தரைக்கு இறக்கிவிடுங்கள். பின்சுவர் ஜன்னல் அடைபட்டுப்போகும் உள்ளறைக்கும் வேறு வழியில் காற்று வர ஏற்பாடு செய்யுங்கள்.

தட்டோடு பதிப்பதற்கு முன் புதுத் தளத்தில் பாத்தி கட்டி, 2 நாள் தண்ணீர் தேக்குங்கள். அடியில் ஈரம் தெரிந்தால் அப்போதே சரிசெய்துவிடலாம்.