மலைக்குப் போகும் பையில் உறைக்கத்தி இருக்கலாமா?

கேள்வி: கோவையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். மாதம் ஒருமுறை ஆனைகட்டியில் உள்ள நண்பரின் தோட்டத்தில் கூடாரம் அடித்து, விறகடுப்பில் சமைத்துத் தங்குவோம். ஆண்டுக்கு இரண்டு முறை கூடலூர் வழியாக மசினகுடிக்கும் போவோம். அண்மையில் மடக்க முடியாத, தோல் உறையுடன் கூடிய கத்தி ஒன்றை வாங்கினேன். அலகு 11 செ.மீ. நீளம். சுள்ளி சீவவும் கயிறு அறுக்கவும் காய் நறுக்கவும் உதவுகிறது. நாயோ காட்டுப்பன்றியோ வந்தால் பாதுகாப்புக்கும் ஆகும். இதை இடுப்பு வாரில் மாட்டிக்கொண்டு பைக்கில் போகலாமா? சட்டப்படி எத்தனை அங்குலம் வரை வைத்திருக்கலாம்? மடக்குக் கத்தியாக மாற்றிக்கொண்டால் பிரச்சினை இல்லையா? டார்ஜிலிங்கில் வாங்கிய, பத்தரை அங்குல அலகுள்ள குக்ரியும் (கூர்க்காக்களின் வளைந்த கத்தி) வீட்டில் இருக்கிறது.

பதில்: அங்குலக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் அதற்குச் சட்டத்தில் நேரடியான விடை இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் முதல் அட்டவணையில் ஐந்தாம் வகை என்று ஒன்று உண்டு. வாள், குத்துவாள், ஈட்டி ஆகியவற்றோடு, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளும் அந்த வகையில் வருகின்றன. வீட்டு உபயோகம், வேளாண்மை, அறிவியல், தொழிற்சாலை ஆகிய பயன்களுக்கென வடிவமைக்கப்பட்டவை மட்டும் விலக்கு. 9 அங்குலம் என்பது ஏறத்தாழ 22.9 செ.மீ., 2 அங்குலம் என்பது 5 செ.மீ.க்குச் சற்றே அதிகம். உங்கள் கத்தி நீளத்தில் அந்த வரம்பின் பாதியைக்கூட எட்டவில்லை. அகலத்தையும் ஒருமுறை அளந்து பாருங்கள். நீளம் குறைவாக இருந்து அகலம் மட்டும் கூடினாலும் இந்த வகைக்குள் வந்துவிடும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

அளவு குறைவு என்பதால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் அங்குலத்தைத்தான் கேட்கிறார்கள். வெளியே கத்தி கொண்டுபோகிறவரைச் சிக்கலில் மாட்டுவது பெரும்பாலும் வேறு இரண்டு விஷயங்கள்: அதை எதற்காக வைத்திருக்கிறார் என்பதும், எந்த இடத்தில் நிற்கிறார் என்பதும்.

நோக்கத்தை எடுத்துக்கொள்வோம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு, தாக்குவதற்கோ தற்காப்புக்கோ ஆயுதமாக வடிவமைக்கப்பட்ட அல்லது அதற்கேற்ப மாற்றியமைக்கப்பட்ட பொருளை ஆயுதம் என்கிறது. முழுக்க முழுக்க வீட்டுக்கோ வேளாண்மைக்கோ ஆன பொருள் அந்த வரையறையில் சேராது. தற்காப்பு என்ற சொல் அந்த வரையறைக்குள்ளேயே இருப்பதை ஊன்றிப் பாருங்கள். “பாதுகாப்புக்கும் ஆகும்” என்று நீங்கள் எழுதியதை, வாகனச் சோதனையின்போது காவலர் கேட்கையில் வாய்தவறிச் சொன்னால், காய் நறுக்கும் கருவி ஆயுதம் என்று வாதிடுவதற்கான முதல் அடியை நீங்களே எடுத்துக் கொடுத்தவர் ஆவீர்கள். பொய் சொல்லும்படி நான் கூறவில்லை. அந்த எண்ணத்தோடு கத்தியை எடுத்துப் போகவே வேண்டாம் என்கிறேன். பாய்ந்து வரும் பன்றிக்கு எதிரே 11 செ.மீ. அலகு எதற்கும் பயன்படாது. விலகி நிற்பதும் இரவில் உணவுப் பொருட்களை வெளியே விடாமல் இருப்பதும்தான் உதவும்.

அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். ஒருவர் ஆயுதத்தைக் கொண்டுசெல்லும் விதமோ சூழ்நிலையோ சட்டவிரோதச் செயலுக்குப் பயன்படுத்தப்போகிறார் என்ற நியாயமான சந்தேகத்தைத் தருமானால், உரிமம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவரைப் பிடியாணை இல்லாமல் கைது செய்து ஆயுதத்தைக் கைப்பற்றலாம் என்று அது சொல்கிறது. அரிவாள் வெட்டுச் செய்திகள் வராத நாளே இல்லை என்னும்படியான ஊரில், 2021-இல் பட்டறைகளில் கத்தி, அரிவாள் வாங்குவோரின் விவரத்தைப் பதிவு செய்யும்படி காவல்துறையே அறிவுறுத்திய மாநிலத்தில், இடுப்பில் உறைக்கத்தியோடு பைக்கில் போகும் ஒருவரைக் காவலர் நிறுத்துவது இயல்பு. ஆகவே இடுப்பு வாரில் மாட்டுவதை, தோட்டத்துக்குள் போய்க் கூடாரம் அடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி இடம். உங்கள் கேள்வியில் உண்மையான ஆபத்து 11 செ.மீ.யில் இல்லை, மசினகுடியில் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அதிகாரம் பெற்ற அலுவலரின் முன்கூட்டிய எழுத்துமூல அனுமதி இல்லாமல் எந்த ஆயுதத்துடனும் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது என்கிறது. தேசியப் பூங்காவுக்கும் இதே தடை பொருந்தும். அந்தச் சட்டத்துக்கென ஆயுதத்தைப் பற்றித் தனி வரையறை உண்டு. துப்பாக்கி, வில், அம்பு, நஞ்சு, கண்ணி ஆகியவற்றோடு கத்தியும் கொக்கியும் வலையும் அதில் பெயர் சொல்லியே இடம்பெற்றுள்ளன. அலகின் நீளம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆயுதச் சட்டத்தின் கண்ணில் படாத சிறு கத்தி இங்கே ஆயுதம்; மாயாற்றில் தூண்டில் போடலாம் என்று நண்பர் பையில் போட்டுக்கொள்ளும் தூண்டில் முள்ளும் அவ்வாறே.

கூடலூரிலிருந்து தொரப்பள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டியதும் முதுமலைச் சரணாலயத்துக்குள் நுழைந்துவிடுகிறீர்கள். தெப்பக்காடு வழியாகத்தான் மசினகுடி. பொது நெடுஞ்சாலையில் கடந்து செல்பவருக்குச் சரணாலயத்தில் நுழைய அனுமதிச் சீட்டு தேவையில்லை என்ற விலக்கு 27-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆயுதத்தைப் பற்றிய 31-ஆம் பிரிவில் அப்படி ஒரு விலக்கு எழுதப்படவில்லை. சாலையை விட்டு இறங்கவே இல்லை என்ற உங்கள் வாதம் நடுவர் முன்னால் எடுபடலாம். அதற்கு முன்பே பயணமும் விடுமுறையும் போய்விடும். இச்சட்டத்தின் பொதுவான தண்டனை மூன்றாண்டு வரை சிறை, அல்லது 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே மசினகுடிப் பயணத்துக்கு அந்தக் கத்தி வேண்டாம் என்பதே என் ஆலோசனை. தங்கும் விடுதியின் சமையலறைக் கத்தி போதும்.

பன்றியைப் பற்றி எழுதியிருப்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். காட்டுப்பன்றி இந்தச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள விலங்கு. காயப்படுத்துவதும் சட்டத்தின் பார்வையில் வேட்டையே. உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு விலங்கைக் காயப்படுத்தினால் குற்றமில்லை என்று 11-ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. ஆனால் அந்த நேரத்தில் இச்சட்டத்தின் வேறு ஏதேனும் விதியை நீங்கள் மீறிக்கொண்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அனுமதியின்றிக் கத்தியோடு சரணாலயத்துக்குள் இருந்தவர், உயிர் பிழைக்கத்தான் வீசினேன் என்று சொல்வதற்கான வழியை முன்பே அடைத்துக்கொள்கிறார்.

ஆனைகட்டியின் நிலை வேறு. நண்பரின் தோட்டம் பட்டா நிலமாக இருந்து, அங்கே விறகு சீவிச் சமைக்கிறீர்கள் என்றால் உங்கள் கத்தி செய்வது வீட்டு வேலைதான். வேலியைத் தாண்டினால் காப்புக்காடு இருக்கக்கூடும். அங்கே அனுமதியின்றி நுழைவதும் மரம் வெட்டுவதும் 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றங்கள். அங்கே பிடிபடும்போது கையில் இருக்கும் கத்தி அத்துமீறலை மரம் வெட்டும் முயற்சியாகவோ வேட்டை முயற்சியாகவோ மாற்றிக் காட்டிவிடும். 2018-இல் குரங்கணித் தீ விபத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்கெனத் தனி விதிகள் வந்துள்ளன. அந்த விதிகளின்படி அனுமதி பெற்ற பாதைகளில் போவதாக இருந்தால், என்னென்ன கருவிகள் கொண்டுவரலாம் என்பதை முன்பதிவின்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கொண்டுபோகும் முறைக்கு வருகிறேன். கத்தியை உறையிலிட்டு, பழைய துண்டில் சுற்றி, அடுப்பு, பாத்திரம், வெட்டும் பலகை ஆகியவற்றோடு பையின் அடியில் வையுங்கள். துண்டை விரித்தால் பலகையும் அதில் ஒட்டிய வெங்காயத் தோலும் பக்கத்தில் தெரிய வேண்டும். நீங்கள் வாய் திறப்பதற்கு முன்பே அது எதற்கான கத்தி என்பதைப் பை சொல்லிவிடும். பைக் டேங்க் கவரும் கார் இருக்கையின் அடியும் தவறான இடங்கள், ஏனென்றால் கை உடனே எட்டும் இடத்தில் இருக்கும் கத்திக்கு வேறு பொருள் வந்துவிடுகிறது. திரும்பி வந்த அன்றே கத்தியைப் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை முகாமில் நியாயமாக இருந்த அதே கத்திக்கு, செவ்வாய்க்கிழமை மாலை காந்திபுரம் பேருந்து நிலையத்தில் நீங்கள் சொல்லக்கூடிய காரணம் எதுவும் இல்லை. தேர்தல் காலச் சோதனைகளின்போதும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சங்கிதையின் 163-ஆம் பிரிவின்கீழ் (பழைய 144) தடையுத்தரவு இருக்கும்போதும் அந்தப் பயணத்தில் கத்தியையே தவிர்த்துவிடுங்கள்.

சோதனையில் கேட்டால், அவர்கள் கண்டெடுக்கும் முன்பே நீங்களாகச் சொல்லுங்கள். கத்தியை உருவிக் காட்டாமல், பை எங்கே இருக்கிறது என்று காட்டி அவர்களையே எடுக்கச் சொல்லுங்கள். கைப்பற்றினால் மகஜர், அதாவது கைப்பற்றிய பொருளை விவரிக்கும் பதிவு, எழுதப்படும். அதைப் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். நான் பார்த்த மகஜர் ஒன்றில் பிடியையும் சேர்த்து அளந்து “சுமார் 25 செ.மீ. நீளமுள்ள கத்தி” என்று ஒரே வரியில் எழுதியிருந்தார்கள், அலகு அதில் பாதிதான். விதி பேசுவது அலகைப் பற்றி. எனவே அலகு நீளம், அலகு அகலம், பிடியின் நீளம் ஆகியவற்றைத் தனித்தனியே எழுதும்படியும், கூடவே இருந்த அடுப்பையும் பாத்திரங்களையும் குறிப்பிடும்படியும் மரியாதையாகக் கேளுங்கள். தேடுதலையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்று அதே சங்கிதையின் 105-ஆம் பிரிவு சொல்கிறது. வழக்கு என்று வந்துவிட்டால், அந்தப் பதிவில் உங்கள் பலகையும் பாத்திரமும் தெரிவது உங்களுக்குத்தான் துணை.

மடக்குக் கத்திக்கு மாறுவதால் பெரிய நன்மை இல்லை. வன உயிரினச் சட்டத்துக்கு மடக்குவதும் மடக்காததும் ஒன்றே. பொத்தானை அழுத்தினால் விரியும் வகையை வாங்கவே வேண்டாம்: தில்லியில் 1980-ஆம் ஆண்டு அறிவிக்கை ஒன்று, விசையால் திறக்கும் கத்திகளில் அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டினாலே கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. உங்கள் எளிய உறைக்கத்தி அதைவிடப் பாதுகாப்பானது. இருபுறமும் கூரான பிச்சுவா வடிவமும், விரல் கோக்கும் வளையம் வைத்த பிடியும் பார்த்த மாத்திரத்தில் ஆயுதமாகத் தெரியும் என்பதால் அவற்றையும் தவிர்க்கவும். விமானப் பயணமென்றால் கத்தியைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது; ஒப்படைக்கும் பெட்டியில் வைக்க வேண்டும்.

குக்ரி விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: அதை வீட்டை விட்டு எடுத்துச் செல்லாதீர்கள். ஐந்தாம் வகையின் பட்டியலில் கிர்பானோடு குக்ரியும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. சீக்கியர் கிர்பான் அணிவதற்கு அரசியலமைப்பின் 25-ஆவது உறுப்பு தரும் ஏற்பு உங்களுக்குப் பொருந்தாது. பத்தரை அங்குல அலகு நீள வரம்பையும் தாண்டிவிட்டது. இந்த வகை ஆயுதத்தை வைத்திருக்கவே, ஆயுதச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்கீழ் அறிவிக்கை செய்யப்பட்ட பகுதிகளில் உரிமம் வேண்டும். அங்கே உரிமமின்றி வைத்திருந்தால் ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நீங்கள் குடியிருக்கும் பகுதியின் நிலை என்ன என்பதை, மாநகர எல்லைக்குள் என்றால் காவல் ஆணையர் அலுவலகத்திலும், வெளியே என்றால் ஆட்சியர் அலுவலகத்திலும் உள்ள ஆயுத உரிமப் பிரிவில் எழுத்தில் கேட்டு, பதிலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். டார்ஜிலிங் கடையின் ரசீது இன்னும் இருந்தால், விண்ணப்பத்தோடு அதன் நகலையும் இணைத்துவிடுங்கள்.