குன்னூர்: வீட்டோரம் விறகு அடுக்கியதற்குக் குடியிருப்போர் சங்கக் கமிட்டி உறுப்பினர் அபராதம் போடலாமா?

அவர் ஒருவராகப் போட முடியாது. அவர் போட்ட 2,000 ரூபாய் அபராதமானாலும், தண்ணீரை நிறுத்துவேன் என்ற அவரது மிரட்டலானாலும் அதே பதில்தான். அபராதம் போட, பைலாவில் (சங்கத்தின் விதித்தொகுப்பில்) அபராத விதி இருக்க வேண்டும், கமிட்டி கூடித் தீர்மானமும் போட்டிருக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் நாலு பேர் 'சரி' என்றதையே தீர்மானமாக நினைத்திருப்பார்.

தீர்மான நகலை எழுத்தில் கேளுங்கள். தரவில்லையா? சங்கம் 1975-ஆம் வருட தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானதென்றால், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பைலா நகல் வாங்கலாம். அப்புறம் வந்த திருத்தங்களையும் சேர்த்துக் கேளுங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் விறகு மழைநீர்க் கால்வாயை அடைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். நம் மலைச்சரிவில் தேங்கும் தண்ணீர் கீழ்வீட்டுத் தடுப்புச்சுவரைத்தான் தள்ளும். கோபத்தில் மாதப் பராமரிப்புப் பணத்தையும் நிறுத்தாதீர்கள்.