ரசீது புத்தகமும் அம்மாவின் படமும்

அன்புள்ள ஐயா,

என் அம்மா காசிமேட்டில் மீன் விற்றவர். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து இப்போது வீட்டில் இருக்கிறார். நண்பர்களோடு சேர்ந்து கேரம் போட்டி நடத்தி, சேரும் பணத்தை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குக் கொடுக்க நினைக்கிறேன். "அம்மா நோயைக் காட்டிப் பிச்சை எடுக்கிறாயா? தங்கைக்கு வரன் பார்க்க வேண்டாமா?" என்கிறார் மாமா. என்ன செய்வது?

– ஒரு வாசகர், காசிமேடு

அன்புள்ள தம்பி,

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, ஊரைக் கேட்டு நிதி திரட்டி, 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அது. சட்ட மேலவையின் துணைத் தலைவராக இருந்தவரே கேட்டார், உங்களுக்கென்ன? ஆடி பிறந்தால் உங்கள் பக்கத்தில் கூழ் வார்க்கத் தெருத்தெருவாக வசூல் நடக்கிறதே, அதை யாரும் பிச்சை என்பதில்லை. கணக்குதான் கேட்பார்கள்.

ஆகவே பணத்தை உங்கள் வங்கிக் கணக்கில் வாங்காதீர்கள். எம்.சி. ரோடு துணிக்கடைக்காரர்கள் போன்ற பெரிய நன்கொடையாளர்கள் மருத்துவமனைக்கே நேரடியாகச் செலுத்தட்டும். ரசீது அவரவர் பெயரில் வரும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது என்பதை அவர்களே உங்களுக்குச் சொல்வார்கள். நுழைவுக் கட்டணம், பரிசுச் செலவு, மீதம் எல்லாவற்றையும் எழுதிப் போட்டி நடந்த இடத்திலேயே ஒட்டிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் பேசுகிறீர்கள், மாமா பேசுகிறார். அம்மா என்ன சொன்னார்? நோய் அவருடையது. பேனரில் அவர் படம் வருமா, முடி கொட்டிய நாள்களைப் பற்றி மேடையில் யாராவது பேசலாமா என்பதையெல்லாம் அவர்தான் முடிவு செய்ய வேண்டும். வேண்டாம் என்றால் பெயர்கூட வேண்டாம்; போட்டி அதனால் கெடாது. எனக்கு அந்த பேனர் மோகமே பிடிக்காது என்பது வேறு விஷயம். பேனருக்குப் போகும் காசு, யாரோ ஒருவரின் ஒரு வேளை மருந்துக்காவது ஆகும்.

தங்கை விஷயத்தில் மாமாவின் கவலை புரிகிறது, ஆனால் அவர் பயப்படும் திசை தவறு. மார்பகப் புற்றுநோய் தொற்றாது. பரம்பரையாக வருவது நூற்றுக்குப் பத்துக்குள்தான். இருந்தாலும் தாய்க்கு வந்திருப்பதால் மகள் கொஞ்சம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். எந்த வயதில் பரிசோதனையைத் தொடங்குவது என்று அவள் இப்போதே மருத்துவரிடம் கேட்டுவைக்கட்டும். கல்யாணத்துக்காக மூடி மறைத்தால், பிறகு மருத்துவரிடம் சொல்லவும் வாய் வராது.

கேரம் ஆட வரும் பையன்களிடம் பணம் எவ்வளவு இருக்கும்? ஆனால் ரத்தம் இருக்கிறது. கீமோ எடுப்பவர்களுக்கு, ரத்தம் உறைய உதவும் ரத்தத் தட்டணுக்கள் திடீரென்று குறையும். தானமாக வாங்கிய தட்டணுக்களை ஐந்து நாள் வரைதான் வைத்திருக்க முடியும். எனவே எல்லோரும் போட்டி அன்றே கொடுத்துத் தீர்ப்பதைவிட, 18 வயது நிரம்பியவர்களின் பெயர், ரத்தப் பிரிவு, தொலைபேசி எண்ணை எழுதி வாங்கி ரத்த வங்கியில் கொடுத்துவிடுங்கள். கூப்பிடும்போது ஒவ்வொருவராகப் போகட்டும்.