ஒளிர்வு மங்கினால் உலோகமா?

கேள்வி: சிலிக்கான் சில்லில் வளர்த்த ஓரடுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடை (மூன்றே அணு தடிமனுள்ள குறைகடத்தி) ஏஜென்ட் வழியாக வாங்கி, அழுத்தத்தைப் பரப்பும் சிலிகோன் எண்ணெயோடு வைரக் கலத்தில், அதாவது இரண்டு வைர முனைகளுக்கு நடுவே, அழுத்தினேன். 8 ஜிகாபாஸ்கலில் (வளிமண்டல அழுத்தத்தைப் போலச் சுமார் 80,000 மடங்கு) லேசர் பட்டதும் வரும் ஒளிர்வு மங்கியது, அணுக்களின் அதிர்வைக் காட்டும் ராமன் கோடுகள் அகன்றன. பொருள் உலோகமாகிவிட்டதா? நெறியாளர் உடனே கட்டுரை எழுதச் சொல்கிறார்.

பதில்: ஆகவில்லை. எழுதாதீர்கள்.

பல அடுக்குள்ள கட்டியே சுமார் 19 ஜிகாபாஸ்கலில்தான் உலோகமாகிறது. அடுக்குகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி நசுங்கி, எதிரெதிர் கந்தக அணுக்கள் நெருங்குவதுதான் காரணம். ஓரடுக்கில் நெருங்கி வரப் பக்கத்து அடுக்கே கிடையாது. அதன் ஆற்றல் இடைவெளி (மின்சாரம் கடத்த எலெக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல்; உலோகத்தில் இது இருக்காது) முதலில் கூடத்தான் செய்யும். பிறகு எலெக்ட்ரான்கள் எளிதில் ஒளி உமிழ முடியாத வேறொரு ஆற்றல் பள்ளத்தில் போய்த் தங்குவதால் ஒளிர்வு குறைகிறது, அவ்வளவுதான். உலோகம் என்று சொல்ல வேண்டுமானால், குளிர்விக்கக் குளிர்விக்க மின்தடை இறங்குவதை அளந்து காட்டுங்கள்.

வாங்கியது ஓரடுக்குதானா என்று பார்த்தீர்களா? கலத்தில் வைக்குமுன்பே இரண்டு முக்கிய ராமன் கோடுகளுக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். ஓரடுக்குக்கு 18 முதல் 20 அலைவெண் (செ.மீ⁻¹), கட்டிக்குச் சுமார் 25. ஏஜென்ட் காட்டும் படம் பெரும்பாலும் வேறு சில்லில் எடுத்ததாக இருக்கும். உங்கள் சில்லின் எண்ணோடு வராத சான்றிதழுக்குப் பணம் கொடுக்காதீர்கள். விலை குறைந்தவருக்கே ஆர்டர் என்று அடம்பிடிக்கும் கொள்முதல் குழுவுக்கு இதை யார் புரியவைப்பது! வைரத்திலும் இதே கதை. மலிவாக வாங்கினால் வைரமே ஒளிர்ந்து சாம்பிளின் ஒளியை மூழ்கடிக்கும்.

கோடுகள் அகன்றதற்கு எண்ணெய்தான் முதல் சந்தேகம். சிலிகோன் எண்ணெய் சில ஜிகாபாஸ்கலிலேயே இறுகி, ஒரு பக்கம் அதிகமாக அழுத்தும். மெத்தனால்-எத்தனால் 4:1 கலவை சுமார் 10 ஜிகாபாஸ்கல் வரை இறுகாமல் தாங்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் சில்லு. ஓரடுக்கு சுதந்திரமாகச் சுருங்குவதில்லை, ஒட்டியிருக்கும் தளம் சுருங்குகிற அளவுக்கே சுருங்கும். 8 ஜிகாபாஸ்கலில் சிலிக்கான் நீளவாக்கில் இரண்டரை சதவீதம் போலச் சுருங்கும், வைரம் 0.6 சதவீதம்தான். அதே பொருளை வைர முகத்தில் நேராக ஒட்டி அளந்தால் வேறு எண் வரும். தளத்தின் மேல் ஓரடுக்கின் பிடி நழுவினால் இன்னொரு எண். ஆகவே நீங்கள் அளந்தது பொருளின் குணமல்ல, பொருளும் தளமும் சேர்ந்த குணம். போதாததற்கு, 11, 12 ஜிகாபாஸ்கலில் சிலிக்கானே உருமாறிவிடும்.

சில்லின் தடிமனையும் பாருங்கள். 30 மைக்ரான் சில்லுக்கு 50 மைக்ரான் கேஸ்கெட் (வைரங்களுக்கு நடுவே சாம்பிளைச் சுற்றியிருக்கும் உலோகத் தகடு) போதும் என்பார்கள். ஆனால் அழுத்தம் ஏற ஏற கேஸ்கெட் மெலிந்து, இரண்டு வைரங்களும் சில்லை நேராகக் கவ்வும். அதன் பிறகு வரும் எண்கள் குப்பை.

அடுத்த முறை, அழுத்தத்தை அளக்க உதவும் ரூபித் துகள் ஒன்றைச் சாம்பிளை ஒட்டியும், இன்னொன்றை ஓரத்திலும் வையுங்கள். ரூபி ஒளிரும் 694.2 நானோமீட்டர் கோடு ஒரு ஜிகாபாஸ்கலுக்கு 0.365 நானோமீட்டர் நகரும். இரண்டு துகளும் வெவ்வேறு அழுத்தம் காட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். லேசரைக் குறைத்தே வையுங்கள்: ரூபி 6 டிகிரி சூடானாலே 0.1 ஜிகாபாஸ்கல் கூடுதலாகக் காட்டும்.