நாய்க்கு ஆகாத உணவுகள்: கேள்வி பதில்

கே: 10 கிலோ பீகிள், 50 கிராம் மில்க் சாக்லேட்டைத் தின்றுவிட்டது. உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?

ப: உப்புத்தண்ணீர் கூடவே கூடாது. ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரும், உயிரே போகலாம். மில்க் சாக்லேட்டில் கிராமுக்குச் சுமார் 2 மில்லிகிராம் தியோப்ரோமின்; நாய்க்கு நஞ்சாவது அதுதான். உங்கள் நாய்க்குப் போனது கிலோவுக்கு 10 மில்லிகிராம். 20ஐத் தொட்டால் வாந்தி, பேதி, படபடப்பு; 40–50இல் இதயத்துடிப்பு தாறுமாறாகும்; 60இல் வலிப்பு. எனவே இன்று கவனித்துக்கொண்டால் போதும். இதே அளவு டார்க் சாக்லேட் என்றால் 25ஐத் தாண்டியிருக்கும், உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

கே: பாயசத்தில் கிடந்த உலர் திராட்சை நாலைந்து?

ப: இப்போதே கிளம்புங்கள். திராட்சையில் இவ்வளவு வரை பரவாயில்லை என்று கணக்கே கிடையாது. இரண்டு மணி நேரத்துக்குள் போனால் டாக்டர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைப்பார். அந்த நேரத்தைத் தவறவிட்டால் ஒன்றிரண்டு நாளில் சிறுநீரகம் அடிவாங்கும். காரணம் டார்டாரிக் அமிலம் என்று 2021 முதல் சந்தேகிக்கிறார்கள். நம்ம புளியில் அது ஏராளம்.

கே: சாக்லேட் தின்னுடுச்சு, என்ன செய்ய?

ப: கணக்கு மேலே இருக்கிறது. நாயின் எடை, சாக்லேட் வகை, தின்ற அளவு மூன்றையும் எழுதுங்கள்.

கே: சும்மா பயமுறுத்துறீங்க சார். எங்க தாத்தா வளர்த்த ராஜபாளையம் சாம்பார் சாதம் தின்னே 13 வருஷம் இருந்துச்சு.

ப: ஒரு கவளத்தில் போகும் ஒரு துண்டு வெங்காயம் வெளியே எதுவும் காட்டாது. கிலோவுக்கு 15 கிராம், அதாவது 10 கிலோ நாய்க்கு 150 கிராம் போனால் சிவப்பணுக்கள் உடையத் தொடங்கும். குறைந்த அளவே தினமும் போனாலும் அதே சேதம்தான். வேகவைத்தாலும் வதக்கினாலும் நச்சு போகாது. பூண்டு இன்னும் வீரியம். அறிகுறி மூன்று நாலு நாள் கழித்துத்தான் வரும்: ஈறு வெளுக்கும், மூத்திரம் காபி நிறத்தில் போகும். அந்த நேரத்தில் யாருக்கும் சாம்பார் ஞாபகம் வராது. வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள்.

கே: அப்போ ரசம் சாதம்? அதில் வெங்காயமே இல்லையே.

ப: புளியும் பூண்டும் இருக்கிறதே! சோற்றில் உப்பில்லாமல் வேகவைத்த கோழியைப் பிசைந்து போடுங்கள்.

கே: பூனைக்குப் பாராசிட்டமால்?

ப: விஷம். பூனை பற்றிய மற்றதை அதைப் பார்க்கும் டாக்டரிடம் கேளுங்கள்.

கே: என் 8 கிலோ பக், சுகர்ஃப்ரீ சூயிங்கம் நாலு தின்றது. சர்க்கரைதான் இல்லையே?

ப: அதில் சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் சைலிடால் என்ற இனிப்பு இருந்தால் இந்தப் பக்கத்திலேயே அவசரமான கேள்வி இதுதான். கிலோவுக்கு 0.1 கிராமிலேயே ரத்தச் சர்க்கரை சரியும், 0.5 கிராமில் ஈரல் கெடும். அரை மணி நேரத்தில் தள்ளாடலாம். ஈறில் தேன் தடவிக்கொண்டே வண்டியில் ஏற்றுங்கள், மயங்கியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். உப்புத்தண்ணீர் வேண்டவே வேண்டாம். கம் கவரை மறக்காமல் எடுத்துப் போங்கள். சைலிடால் அதில் 967 என்ற எண்ணாகவும் அச்சிட்டிருக்கும்.